எகிப்தின் அரசியல் முறைமை

எகிப்து அரபுக் குடியரசு குடியரசுத் தலைவரை மையமாகக் கொண்ட ஒற்றையாட்சி நாடு ஆகும். 2014 ஜனவரியில் பொது வாக்கெடுப்பின் மூலம் ஏற்கப்பட்டு, 2019 ஏப்ரலில் திருத்தப்பட்ட அரசியலமைப்பே இதன் அடிப்படைச் சட்டம். குடியரசுத் தலைவர், அவர் அமர்த்தும் அமைச்சரவை, ஈரவை நாடாளுமன்றம், நீதித்துறை, உள்ளாட்சி மன்றங்கள் ஆகியவை இதன் உறுப்புகள் என அரசியலமைப்பு கூறுகிறது. இவற்றுள் உள்ளாட்சி மன்றங்கள் 2011-ஆம் ஆண்டு கலைக்கப்பட்ட பின்னர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. எகிப்தின் அரசியலைப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் குடியரசுத் தலைவரையும் படையையும் சுற்றியே அமைகின்றன. ஆனால் குடிமகன் அரசை நேரில் சந்திக்கும் இடம் இந்த அடிப்படிதான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இம்முறைமையை விளக்க, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் உள்ள தொட்டியம் பேரூராட்சியின் நிலை இக்கட்டுரையில் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அங்கும் ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதிருந்த காலம் உண்டு.

பெயரும் பின்னணியும்

1952 ஜூலை 23 அன்று சுதந்திர அதிகாரிகள் எனப்பட்ட படை அலுவலர் குழு மன்னர் பாரூக்கின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1953 ஜூன் 18 அன்று எகிப்து குடியரசாக அறிவிக்கப்பட்டது. முகம்மது நகீப் முதல் குடியரசுத் தலைவரானார். அவரை அகற்றிவிட்டு கமால் அப்துல் நாசர் ஆட்சியைக் கைக்கொண்டார். 1958-இல் சிரியாவுடன் இணைந்து ஐக்கிய அரபுக் குடியரசு உருவானது. 1961-இல் சிரியா பிரிந்து சென்ற பின்னும் எகிப்து அப்பெயரை விடாமல் வைத்திருந்தது. அன்வர் சதாத் காலத்தில், 1971-ஆம் ஆண்டு அரசியலமைப்புடன், "எகிப்து அரபுக் குடியரசு" என்ற இன்றைய பெயர் வந்தது.

நாசர் காலத்தில் அரபு சோசலிச ஒன்றியம் என்ற ஒரே அரசியல் அமைப்பு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் பல கட்சிகளுக்கு இடம் தரப்பட்டதாயினும், சதாத் 1978-இல் தோற்றுவித்த தேசிய சனநாயகக் கட்சியே 2011 வரை ஆண்டது. 1981 அக்டோபர் 6 அன்று சதாத் படுகொலை செய்யப்பட்டார். அப்போது அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, ஹோஸ்னி முபாரக்கின் ஆட்சிக்காலம் முழுவதும் நீடித்து, 2012-இல்தான் முடிவுற்றது. இந்தியாவில் 1975 முதல் 1977 வரை இருந்த 21 மாத நெருக்கடி நிலையோடு இந்த முப்பது ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எகிப்தியரின் ஒரு முழுத் தலைமுறை வேறு நிலை எதையும் அறியாமலே வளர்ந்தது என்பது விளங்கும்.

2011 பிப்ரவரி 11 அன்று மக்கள் கிளர்ச்சியின் விளைவாக முபாரக் பதவி விலகினார். 2012 ஜூனில் முகம்மது முர்சி ஏறத்தாழ 51.7 விழுக்காட்டு வாக்குகளுடன் குடியரசுத் தலைவரானார். 2013 ஜூலை 3 அன்று, அவருக்கு எதிரான பெரும் ஆர்ப்பாட்டங்களைத் தொடர்ந்து, படை அவரை நீக்கியது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த அப்துல் பத்தாஹ் அல்-சிசி 2014-இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குடியரசுத் தலைவர்

குடியரசுத் தலைவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 2014 அரசியலமைப்பு அவருக்கு நான்கு ஆண்டு வீதம் இரண்டு பதவிக்காலங்கள் மட்டுமே அளித்தது. 2019 திருத்தம் பதவிக்காலத்தை ஆறு ஆண்டுகளாக நீட்டியது. அதோடு நில்லாமல், அப்போது பதவியில் இருந்தவரின் நடப்புக் காலத்தை 2024 வரை நீட்டித்து, மேலும் ஒரு முறை போட்டியிடவும் அவருக்கு வழி செய்தது. பொதுவாக எல்லாருக்கும் பொருந்தவேண்டிய அடிப்படைச் சட்டத்தில் ஒருவருக்கு மட்டும் பொருந்தும் விதி இவ்வாறு இடம்பெற்றது.

போட்டியிட விரும்புவோர் நாடாளுமன்ற உறுப்பினர் 20 பேரின் பரிந்துரையையோ, குறைந்தது 15 மாகாணங்களில் மாகாணத்துக்கு 1,000 பேராவது அடங்கிய 25,000 வாக்காளர்களின் ஒப்புதலையோ பெறவேண்டும். 2023 தேர்தலில் அகமது தந்தாவி என்பவர் இந்த எண்ணிக்கையை எட்டமுடியாமல் விலகினார். தம் ஆதரவாளர்கள் பதிவு அலுவலகங்களில் தடுக்கப்பட்டனர் என்று அவர் தரப்பு கூறியது. தேசியத் தேர்தல் ஆணையம் அதை மறுத்தது. அத்தேர்தலில் சிசி 89.6 விழுக்காடு வாக்குகளைப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2018-இல் அவர் பெற்றது 97 விழுக்காடு.

பிரதமரைக் குடியரசுத் தலைவரே முன்மொழிகிறார். அவர் 30 நாட்களுக்குள் பிரதிநிதிகள் அவையின் நம்பிக்கையைப் பெறாவிடில், பெரும்பான்மைக் கட்சி முன்மொழிபவர் அமர்த்தப்படுவார். அவரும் தோற்றால் அவையே கலைந்துவிடும்! எனவே முதலில் முன்மொழியப்பட்டவரை ஏற்பதே உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு.

நாடாளுமன்றம்

நாடாளுமன்றம் இரண்டு அவைகளைக் கொண்டது. சட்டம் இயற்றும் பிரதிநிதிகள் அவையில் (மஜ்லிஸ் அந்-நுவ்வாப்) 596 உறுப்பினர்கள் உள்ளனர். இவர்களில் 284 பேர் தனித் தொகுதிகளிலும், 284 பேர் பட்டியல் முறையிலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். எஞ்சிய 28 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். கால் பங்கு இடங்கள் பெண்களுக்குரியவை.

பட்டியல் முறையே இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பல நாடுகளில் பட்டியல் முறை என்றால், கட்சி பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் பகிரப்படும். எகிப்தில் அவ்வாறன்று. நாடு நான்கு பெருந்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரண்டில் தலா 102 இடங்கள், மற்ற இரண்டில் தலா 40 இடங்கள். வென்ற பட்டியல் தொகுதியின் அத்தனை இடங்களையும் பெறும். இரண்டாவதாக வந்த பட்டியல் 49 விழுக்காடு வாக்குகள் பெற்றிருந்தாலும் அதற்கு ஓர் இடமும் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மொத்த இடங்களே 234 என்பதை நினைவிற்கொண்டால், ஒரே முடிவில் 102 இடங்கள் கைமாறுவதன் அளவு புரியும். தொட்டியத்து வாக்காளர், 2008 தொகுதி மறுவரையறையில் தொட்டியம் என்ற சட்டமன்றத் தொகுதி மறைந்தபின், முசிறித் தொகுதியில் வாக்களிக்கிறார். தொகுதியின் பெயர் மாறினாலும், அவர் வாக்களிப்பது ஒரு தனி மனிதருக்கு. தேர்தலுக்குப் பின் குறை சொல்வதற்கும் அவருக்கு ஒரு முகம் உண்டு. நூற்றிரண்டு பேர் கொண்ட பட்டியலுக்கு வாக்களித்தவருக்கு அந்த வசதி இல்லை.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்த பிரதிநிதிகள் அவைத் தேர்தலில் நான்கு பெருந்தொகுதிகளிலும் அரசு ஆதரவுக் கட்சிகளின் கூட்டான ஒரே பட்டியலே களத்தில் இருந்தது. ஒரே பட்டியல் போட்டியிடும்போது, பதிவு செய்த வாக்காளர்களில் 5 விழுக்காட்டினர் அதற்கு வாக்களித்தாலே போதும் என்பது விதி. ஆகவே போட்டி என்று இருந்தது தனித் தொகுதிகளில் மட்டுமே. அங்கும் முதற்கட்டத்தில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. குடியரசுத் தலைவரே அவற்றை ஆராயுமாறு வெளிப்படையாகக் கேட்ட பின்னர், தேர்தல் ஆணையம் 19 தொகுதிகளின் முடிவுகளை இரத்துச் செய்தது. உயர் நிர்வாக நீதிமன்றம் மேலும் பல தொகுதிகளின் முடிவுகளை இரத்துச் செய்தது. முடிவுகள் இவ்வளவு பரவலாக இரத்தானது எகிப்துக்குப் புதிது. எனினும் பட்டியல் வழி வந்த 284 இடங்களை இது தொடவில்லை.

மேலவை (மஜ்லிஸ் அஷ்-ஷுயூக்) 2019 திருத்தத்தின் மூலம் மீண்டும் உருவாக்கப்பட்டது. இதன் 300 உறுப்பினர்களில் 100 பேர் குடியரசுத் தலைவரின் நியமனம். இதன் பணி பெரும்பாலும் ஆலோசனை கூறுதல் மட்டுமே. 2020 தேர்தலில் இதற்கு வாக்களித்தோர் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர்; 2025 ஆகஸ்டில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986-இல் ஒழிக்கப்பட்டபின் அதை மீட்கும் முயற்சிகள் கைகூடாதது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

படையும் நீதிமன்றங்களும்

2019 திருத்தம் படைக்கு ஒரு புதிய கடமையை அளித்தது. நாட்டைக் காப்பதோடு, "அரசியலமைப்பையும் சனநாயகத்தையும்" காப்பதும் படையின் பணியாயிற்று. யாரிடமிருந்து காப்பது என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்விக்கு அத்திருத்தத்தில் விடையில்லை. பாதுகாப்பு அமைச்சரை அமர்த்தப் படைகளின் உயர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். படையின் வரவுசெலவு நாடாளுமன்றத்தின் முன் ஒரே தொகையாக மட்டும் வைக்கப்படுகிறது.

நீதித்துறைக்கு எகிப்தில் நெடிய மரபு உண்டு. பிரெஞ்சு முறையைத் தழுவிய நிர்வாக நீதிமன்றங்கள் அரசின் ஆணைகளை இரத்துச் செய்த நிகழ்வுகள் பல. 2012-இல் உயர் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பால் நாடாளுமன்றமே கலைந்தது. ஆனால் 2019-க்குப் பின் நீதித்துறை அமைப்புகளின் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் சென்றுள்ளது.

மாகாணங்களும் ஊர்த்தலைவர்களும்

எகிப்து 27 மாகாணங்களாகப் (முகாபழா) பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர் உண்டு. ஆளுநர்கள் அமர்த்தப்படுவதா தேர்ந்தெடுக்கப்படுவதா என்பதை அரசியலமைப்பு சட்டத்துக்கு விட்டுவிட்டது. நடைமுறையில் குடியரசுத் தலைவரே அமர்த்துகிறார். ஓய்வுபெற்ற படை, காவல்துறை அதிகாரிகள் இப்பதவிக்கு வருவது வழக்கம். பதவியின் பெயர் இந்திய மாநில ஆளுநரை நினைவூட்டினாலும், பணி மாவட்ட ஆட்சியருடையதை ஒத்தது.

மாகாணத்துக்குக் கீழே மர்கஸ், நகரம், நகர்ப்பகுதி, சிற்றூர் என்று அலகுகள் இறங்குகின்றன. சிற்றூர்களில் "உம்தா" எனப்படும் ஊர்த்தலைவர் பழைய காலந்தொட்டு இருந்து வருகிறார். முன்னர் ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்ட இவர், 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தால் அமர்த்தப்படுபவரானார். தமிழ்நாட்டில் பரம்பரையாக வந்த கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆனால் தமிழ்நாட்டில் அலுவலருக்குப் பக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது முறை. எகிப்தியச் சிற்றூரில் அந்த இரண்டாம் நாற்காலி காலியாக உள்ளது.

உள்ளாட்சி மன்றங்கள்

1979-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் சட்டத்தின்படி ஒவ்வோர் அலகிலும் இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று அதிகாரிகள் கொண்ட நிர்வாக மன்றம். மற்றொன்று தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மக்கள் மன்றம். மக்கள் மன்றங்கள் வலுவற்றவை. அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் உரிமை அவற்றுக்கு மிகக் குறைவு. 2006-இல் நடக்கவேண்டிய தேர்தல் இரண்டு ஆண்டுகள் ஒத்திவைக்கப்பட்டு, 2008 ஏப்ரலில் நடந்தது. ஏறத்தாழ 52,000 இடங்களுக்கான அத்தேர்தலில் ஆளுங்கட்சியே மிகப் பெரும்பான்மையான இடங்களைப் பெற்றது. பெரும்பாலான இடங்களில் போட்டியே இல்லை. முசுலிம் சகோதரத்துவ அமைப்பு அத்தேர்தலைப் புறக்கணித்தது.

எனவே 2011 ஜூனில் நிர்வாக நீதிமன்றம் இம்மன்றங்களைக் கலைத்தபோது அதற்காக வருந்தியவர் சிலரே. பழைய ஆளுங்கட்சியின் வேர்கள் அறுபட்டன என்றே கிளர்ச்சியாளர் மகிழ்ந்தனர். மன்றத்தைக் கலைக்க ஆணை இருந்தது. மீண்டும் அமைக்கக் காலக்கெடு இல்லை. இந்த வேறுபாடு அன்று பெரிதாகத் தெரியவில்லை.

2014 அரசியலமைப்பு தாளளவில் மிகத் தாராளமானது. ஒவ்வோர் அலகும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும் (180-ஆம் பிரிவு). 21 வயதானவர் போட்டியிடலாம். மன்றம் உள்ளூர் அதிகாரிகளைக் கேள்வி கேட்கலாம். அலகின் தலைவர் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொள்ளவும் செய்யலாம். மன்றத்தின் வரம்புக்குட்பட்ட முடிவுகள் இறுதியானவை. மேலதிகாரிகள் அவற்றில் தலையிட இயலாது (181-ஆம் பிரிவு). இவ்வளவு அதிகாரம் பழைய மன்றங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் 242-ஆம் பிரிவு, புதிய முறை ஐந்தாண்டுகளுக்குள் படிப்படியாக நடைமுறைக்கு வரும்வரை பழைய முறையே தொடரும் என்கிறது. அந்த ஐந்தாண்டுகள் 2019 ஜனவரியில் முடிந்தன. தேர்தல் நடக்கவில்லை.

காரணமாகப் பொதுவாகக் கூறப்படுவது இடஒதுக்கீட்டுச் சிக்கல். மன்றத்தில் கால் பங்கு 35 வயதுக்குட்பட்டோருக்கு, கால் பங்கு பெண்களுக்கு, பாதிக்குக் குறையாமல் தொழிலாளர், உழவர்களுக்கு உரியது. கிறித்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தகுந்த இடம் வேண்டும். ஒரே ஆள் பல வகைகளில் அடங்கலாம். ஓர் இளம் உழவர்ப் பெண் மூன்று கணக்கிலும் வருவார். இதைத் தனி வார்டுகளில் நிறைவேற்றுவது கடினம் ஆதலால் பட்டியல் முறை வேண்டும் என்று ஒரு சாராரும், வென்றவருக்கே எல்லாம் என்ற பட்டியல் முறை ஊர்களிலும் போட்டியை ஒழித்துவிடும் என்று எதிர்க்கட்சியினரும் வாதிட்டனர். 2023-இல் தொடங்கிய தேசிய உரையாடல் அமர்வுகளிலும் இதே வாதம் நடந்தது. சிக்கல் உண்மையானதே. ஆயினும் நாடாளுமன்றத்துக்கான பட்டியல்களைத் தேவைப்பட்டபோதெல்லாம் வரைய முடிந்த அரசுக்கு, இது மட்டும் பத்தாண்டுகளுக்கு மேல் தீராத கணக்காக இருந்தது என்பதை அப்படியே ஏற்பது எளிதன்று.

தொட்டியத்துடன் ஒப்பீடு

இந்தியாவில் 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களின்படி, உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடியும் முன்னரே அடுத்த தேர்தல் நடந்திருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதத் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், தேர்தல் அறிவிக்கையை இரத்துச் செய்தது. பின்னர் வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள் எனக் காரணங்கள் தொடர்ந்தன. மாநிலமெங்கும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தொட்டியம் பேரூராட்சியும் அவ்வாறே அலுவலர் ஆட்சியில் இருந்தது.

ஊரகத் தேர்தல்கள் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தன. பேரூராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. தொட்டியத்தில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் குடிநீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, வரி தண்டப்பட்டது. நடக்காதது ஒன்றே: தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எழுந்து, செயல் அலுவலரைக் கேள்வி கேட்கும் மன்றக் கூட்டம்.

இருப்பினும் இரு நாட்டு நிலைமைகளும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் தாமதத்துக்கு எதிராக வழக்குகள் தொடர்ந்து நடந்தன. உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்பதால் நடுவண் நிதிக்குழுவின் மானியத்தை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அதனால் மாநில அரசுக்கும் இழப்பு ஏற்பட்டது. எகிப்தில் உள்ளாட்சி அலகுகளின் பணத்தில் பெரும்பகுதி நடுவண் அரசிடமிருந்தே வருவதால், தேர்தல் நடத்தாததற்காக யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. தேசியத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் பொறுப்புடையதெனினும், உள்ளாட்சிச் சட்டம் இயற்றப்படாமல் அது தானாகத் தேர்தலை அறிவிக்க இயலாது.

தமிழ்நாட்டின் நிலையும் பெருமை கொள்ளத்தக்கதன்று. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, அடுத்த தேர்தல் நடத்தப்படாமல் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். அதனால் தொட்டியம் பேரூராட்சியில் உறுப்பினர்கள் இருக்க, அதைச் சூழ்ந்த ஊராட்சி ஒன்றியத்தின் சிற்றூர்கள் அலுவலர் பொறுப்பில் சென்றன.

மன்றமின்மையின் விளைவுகள்

கெய்ரோ பெருநகரில் நைல் ஆற்றின் நடுவே உள்ள வர்ராக் தீவில், 2017 ஜூலையில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் வீடுகளை இடிக்கச் சென்றபோது மோதல் ஏற்பட்டு, தீவுவாசி ஒருவர் இறந்தார். பின்னர் தீவு புதிய நகர்க் குடியிருப்புகளுக்கான நடுவண் ஆணையத்தின் பொறுப்பில் விடப்பட்டது. தீவு மக்கள் பேசுவதற்கு முறைப்படியான உள்ளூர் மன்றம் எதுவும் இருக்கவில்லை. 2020 செப்டம்பரில் அனுமதியற்ற கட்டடங்களுக்குத் தண்டத்தொகை விதித்து, கட்டாதோரின் வீடுகள் இடிக்கப்பட்டபோது, பல சிற்றூர்களில் சிறு ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. தொகை குறைப்பும் தவணையும் கெய்ரோவில்தான் முடிவாயின. ஓர் ஊரின் எந்தத் தெருவில் எத்தனை வீடு என்பதை அறிந்த மன்றம் ஒன்று இருந்திருந்தால், அவ்விவகாரம் தெருவுக்கு வந்திருக்கவேண்டியதில்லை.

மற்றொரு விளைவு நாடாளுமன்றத்தைச் சார்ந்தது. கழிவுநீர்க் குழாய், சாலை, பள்ளிச் சேர்க்கை ஆகிய வேலைகளுக்காக மக்கள் தனித்தொகுதி உறுப்பினரையே நாடுகின்றனர். இத்தகையோர் எகிப்தில் "சேவை உறுப்பினர்" என்றே அழைக்கப்படுகின்றனர். அவர் அதிகாரியிடம் காரியம் சாதிக்கவேண்டுமானால் அரசோடு நல்லுறவில் இருக்கவேண்டும். அரசை வினவவேண்டிய அவையில் அவர் அமைதி காக்கவேண்டியதாகிறது. பிரதிநிதிகள் அவையில் எதிர்ப்புக் குரல் குறைந்திருப்பதற்குப் பட்டியல் முறை ஒரு காரணம் எனில், ஊரில் மன்றம் இல்லாமை மற்றொரு காரணம்.

எகிப்தில் வாக்குரிமை வயது 18. 2008 ஏப்ரலில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அவ்வயதை எட்டியிருந்த மிக இளையவர்கள், 2026 ஏப்ரலுக்குள் 35 வயதைக் கடந்துவிட்டனர். 180-ஆம் பிரிவு இளையோருக்கென ஒதுக்கிய கால் பங்கு இடங்களில் அதன்பின் அமரத்தக்கவர் எவரும் தம் வாழ்நாளில் ஓர் உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களித்தவராக இருக்க இயலாது.